கற்குழியும் கோப்பைகளும்: மொன்றியல் அணிகள் அன்றும் இன்றும்

நான் மொன்றியலின் செயின்ட்-மிஷேல் வட்டாரத்தில் குடியேறியது 1988இல். அப்போது பீ-நஃப் பெருந்தெருவில் 139ஆம் இலக்கப் பேருந்தில் ஏறினால் நேரே தெற்கே போய் ஒலிம்பிக் மைதானத்தடியில் இறங்கலாம். கோடை மாலைகளில் அந்தப் பேருந்து முழுக்க நீலம், வெள்ளை, சிவப்பு என்று மூன்று நிறத் தொப்பி போட்டவர்களாக இருப்பார்கள். கிழவர்கள், சின்னப் பிள்ளைகள், வேலை முடிந்து அப்படியே வந்த தொழிலாளர்கள் என்று எல்லாத் தலையிலும் அதே தொப்பி. அது எக்ஸ்போஸ் பேஸ்போல் அணியின் தொப்பி என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

இன்று அதே தெருவின் நடுவே பேருந்துக்கென்றே ஒதுக்கிய தடம் ஓடுகிறது. 2022 நவம்பரில் திறந்தார்கள். ஆட்டம் உள்ள நாட்களில் அதில் ஏறுகிறவர்களின் கழுத்தில் நீலமும் கறுப்பும் கலந்த சால்வை கிடக்கிறது. இறங்கும் இடம் பழைய இடம்தான், போகும் வாசல் வேறு. பெரிய மைதானம் கூரை மாற்றும் வேலைக்காக மூடிக் கிடக்கிறது. சனம் அதைத் தாண்டி, பக்கத்திலுள்ள சபூட்டோ உதைபந்தாட்ட அரங்குக்கு நடக்கிறது.

ஊரில் எங்களுக்கு அணி என்றால் படித்த பள்ளிக்கூடம். இல்லாவிட்டால் கிராமத்து விளையாட்டுக் கழகம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904இலிருந்து ஆடிவரும் ‘வடக்கின் பெரும் போர்’ என்ற கிரிக்கெட் ஆட்டத்தைப் பார்க்கப் போகிறவனுக்கு, அந்த அணிகளை யாராவது விற்கலாம் என்ற நினைப்பே வராது. இங்கே அணிக்கு முதலாளி உண்டு. அணியை விற்பார்கள், பெயரை மாற்றுவார்கள், ஒரு நாள் மூட்டை கட்டிக்கொண்டு வேறு நாட்டுக்கே போய்விடுவார்கள். இந்த நகரத்தில் எந்த அணி நிலைத்தது, எது போனது, ஏன் போனது என்று பார்த்தபடியே எனக்கு வயதாகிவிட்டது. கண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஹொக்கி: மொழியின் அணியாக இருந்தது

மொன்றியல் கனடியன்ஸ் ஐஸ் ஹொக்கி அணி 1909 டிசம்பர் 4ஆம் திகதி பிறந்தது. தொடங்கியவர் ஒன்ராறியோவைச் சேர்ந்த அம்ப்ரோஸ் ஓ'பிறையன் என்ற ஆங்கிலம் பேசும் செல்வர். பிரெஞ்சு பேசும் மக்களுக்கென்று ஓர் அணி இருந்தால் அரங்கு நிறையும் என்று அவர் கணக்குப் போட்டார். ஆங்கிலம் பேசுவோர் முதலில் வாண்டரர்ஸ் அணியைக் கொண்டாடினார்கள். 1918 ஜனவரியில் அரங்கம் எரிந்துபோக, அந்த அணியும் முடிந்தது. 1924இல் அவர்களுக்கு மரூன்ஸ் அணி வந்தது. புகழ்பெற்ற ஃபோறம் அரங்கம் உண்மையில் இந்த மரூன்ஸ் அணிக்காகக் கட்டப்பட்டதுதான். மரூன்ஸ் 1926இலும் 1935இலும் ஸ்டான்லி கோப்பையை வென்றது. ஆனால் பொருளாதாரப் பெருமந்தம் ஒரு நகரத்தில் இரண்டு அணிகளைத் தாங்கவில்லை. 1938இல் மரூன்ஸ் கலைந்தது. ஃபோறத்தில் கனடியன்ஸ் மட்டும் மிஞ்சியது.

அந்த அணியின் சட்டையைப் பிரெஞ்சுக்காரர் ‘புனித ஃபிளனல்’ என்கிறார்கள். அது வெறும் அலங்காரப் பேச்சு இல்லை. தொழிற்சாலையிலும் வங்கியிலும் மேலாளர் ஆங்கிலத்தில் ஏவ, கீழே நிற்கிற பிரெஞ்சுத் தொழிலாளி தலைகுனிந்து கேட்ட காலம் அது. அவனுடைய மொழி பேசும் ஒருவன் பனித்தரையில் எல்லாரையும் வென்று காட்டினான். நகரத்தின் வடக்கே, எங்கள் பகுதிக்கு அருகிலுள்ள போர்டோவில் வளர்ந்த மொறிஸ் றிஷார் அவன். 1944-45 பருவத்தில் 50 ஆட்டங்களில் 50 கோல் அடித்தான். அதற்குமுன் அதை ஒருவரும் செய்ததில்லை.

1955 மார்ச்சில் பொஸ்டனில் நடந்த ஆட்டத்தில் றிஷார் ஒரு நடுவரைத் தாக்கினார் என்று தேசிய ஹொக்கி லீக்கின் தலைவர் கிளரன்ஸ் கம்பல் அவரை அந்தப் பருவம் முடியும்வரை தடைசெய்தார். மார்ச் 17ஆம் திகதி கம்பல் ஃபோறத்துக்கு வந்து உட்கார்ந்தபோது கூட்டம் கொதித்தது. கண்ணீர்ப்புகைக் குண்டு வெடித்தது, ஆட்டம் நின்றது, செயின்ட் கத்தரின் தெருவில் கடைக் கண்ணாடிகள் நொறுங்கின. அடுத்த நாள் றிஷாரே வானொலியில் பேசித்தான் மக்களை அமைதிப்படுத்தினார். கியூபெக் மக்கள் தங்கள் உரிமைக்காக எழுந்த 1960களின் மாற்றத்துக்கு அந்த இரவு முன்னறிவிப்பு என்று இங்குள்ள பலர் சொல்வார்கள். மொழிக்காகக் கொதித்தெழுவது என்னவென்று நமக்கும் தெரியும் என்பதால் இந்தக் கதையை நான் கேட்டவுடனேயே புரிந்துகொண்டேன்.

அதன்பின் கனடியன்ஸ் 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து கோப்பை, 1976 முதல் 1979 வரை தொடர்ந்து நான்கு கோப்பை என்று குவித்தது. 1986 மே மாதம் இருபது வயது கோல்காவலர் பத்ரிக் றுவாவின் ஆட்டத்தால் 23ஆவது கோப்பை. அடுத்த மாதம் செயின்ட்-மிஷேல் மெட்ரோ நிலையம் திறந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் கரைசேர்த்தார்கள். அவர்களில் பலர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்தார்கள். இந்த நகரத்தில் நம் சனத்தின் கதை அப்படித்தான் கூடத் தொடங்கியது.

குடியேறியவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சில் படிக்கவேண்டும் என்ற கியூபெக்கின் 101ஆம் சட்டப்படி எங்கள் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் போனார்கள். வீட்டில் தமிழ், வகுப்பில் பிரெஞ்சு. சனிக்கிழமை இரவு தொலைக்காட்சியில் ஹொக்கி. வர்ணனையாளரின் கத்தலிலிருந்துதான் பல தமிழ்ப் பிள்ளைகள் வேகமான பிரெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் ஆட்டத்தை ஆடுவது வேறு விசயம். சறுக்குச் சப்பாத்து, தலைக்கவசம், தோள்காப்பு, மட்டை என்று வாங்கிக் கட்டாது. விடியற்காலைப் பயிற்சிக்குக் கூட்டிப்போக இரவு வேலை செய்யும் தகப்பனால் முடியாது. பிள்ளைகள் வீட்டுக்குப் பின்னாலுள்ள ஒழுங்கைகளில் டென்னிஸ் பந்தையும் மட்டையையும் வைத்துக்கொண்டு ஆடினார்கள். கார் வந்தால் வலையைத் தூக்குவார்கள், போனதும் திரும்பவும் வைப்பார்கள்.

1993 ஜூன் 9ஆம் திகதி லொஸ் ஏஞ்சலஸ் கிங்ஸைத் தோற்கடித்து 24ஆவது கோப்பை வந்தது. அதன்பின் 2025 வரை கனடியன்ஸ் மட்டுமல்ல, எந்தக் கனேடிய அணியும் அந்தக் கோப்பையைத் தொடவில்லை. 1996 மார்ச்சில் ஃபோறத்தை மூடி, 21,000 பேருக்குமேல் கொள்ளும் இப்போதைய பெல் சென்டருக்குப் போனார்கள். பழைய ஃபோறத்துக்குள் திரையரங்கும் கடைகளும் வந்தன. 2001இல் அணி ஓர் அமெரிக்கர் கைக்குப் போனது. 2009இல், முன்பு அதை வைத்திருந்த மோல்சன் குடும்பம் அதைத் திரும்ப வாங்கியது.

அணியின் முகமும் மாறியது. கரிபியனிலிருந்து வந்த பெற்றோரின் மகன் பி.கே. சுபான் கனடியன்ஸின் பின்காப்பு வரிசையில் ஆடி 2013இல் லீக்கின் சிறந்த பின்காப்பு வீரருக்கான நொறிஸ் விருதை வென்றார். 2015இல் மொன்றியல் சிறுவர் மருத்துவமனைக்கு ஒரு கோடி டொலர் திரட்டித் தருவதாக வாக்களித்தார். செயின்ட்-மிஷேலின் ஹெயிட்டிப் பிள்ளைகளின் முதுகில் அவருடைய 76ஆம் இலக்கத்தை நான் பல தடவை கண்டிருக்கிறேன். 2022இல் அணித் தலைவரான நிக் சுசூக்கிக்குத் தந்தை வழியில் ஜப்பானிய வேர். அன்று பிரெஞ்சு மக்களின் மானத்துக்காக ஆடிய அணி இன்று இங்கே குடியேறிய எல்லாரையும் சேர்த்துக்கொண்டுவிட்டது. ஆனால் நுழைவுச்சீட்டின் விலைதான் ஏறிவிட்டது. அன்று ஃபோறத்தில் நின்று பார்த்த தொழிலாளியின் பேரன் இன்று தொலைக்காட்சியில்தான் பார்க்கிறான்.

பேஸ்போல்: எங்கள் வட்டாரத்துச் சொத்து போன கதை

செயின்ட்-மிஷேல் இன்று வில்றே, பார்க் எக்ஸ்டென்ஷன் ஆகியவற்றோடு சேர்ந்த ஒரே நகரப் பிரிவு. மொன்றியல் பேஸ்போலின் இரண்டு பெரிய நினைவிடங்கள் இந்தப் பிரிவுக்குள்ளேயே இருக்கின்றன.

ஒன்று, டி காஸ்பே தெருவில் 8232ஆம் இலக்க வீடு. அமெரிக்கப் பெருலீக்குகளில் கறுப்பினத்தவரைச் சேர்க்காத காலத்தில், புரூக்ளின் டொட்ஜர்ஸ் அணி ஜாக்கி றொபின்சனை முதலில் தன் கீழ்நிலை அணியான மொன்றியல் றோயல்ஸுக்கு அனுப்பியது. 1946 கோடையில் அவரும் மனைவி றேச்சலும் அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். அமெரிக்காவின் தெற்கில் தங்க ஓர் அறைகூடக் கிடைக்காமல் அலைந்த தம்பதிக்கு இங்கே வீட்டுக்காரி தேநீர் கொடுத்து வரவேற்றாள். கர்ப்பிணியான றேச்சலின் சாமான் பைகளை அயல் வீட்டுப் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பருவம் றொபின்சனின் அடி சராசரி .349. றோயல்ஸ் லீக்கையும் வென்று, அதற்கு மேலுள்ள தொடரையும் வென்றது. கடைசி ஆட்டம் முடிந்தபோது டி லொறிமியே மைதானத்துக் கூட்டம் அவரைத் தோளில் தூக்கி, தெருவிலும் துரத்தியது. வெள்ளையர் கூட்டம் ஒரு கறுப்பு மனிதனை அடிக்க அல்ல, அன்பு மிகுந்து துரத்துகிறதே என்று அவருடைய நண்பரான செய்தியாளர் ஒருவர் அன்று வியந்து எழுதினார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 15ஆம் திகதி றொபின்சன் புரூக்ளினில் இறங்கி வரலாற்றை மாற்றினார். அவர் இருந்த வீட்டுச் சுவரில் இப்போது ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. அகதியாக வந்து வீடு தேடி அலைந்த எவரும் அந்தப் பலகைக்கு முன் ஒரு நிமிடம் நிற்க வேண்டும்.

மற்றது, ஜாறி பூங்கா. 1967 உலகக் கண்காட்சியின் பெயரைச் சூடிய எக்ஸ்போஸ் அணி, அமெரிக்காவுக்கு வெளியே அமைந்த முதலாவது பெருலீக் பேஸ்போல் அணி. 1969 ஏப்ரல் 14ஆம் திகதி ஜாறி பூங்காவில் தன் முதல் உள்ளூர் ஆட்டத்தை ஆடி, செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸை 8-7 என்று வென்றது. சுமார் 28,000 பேர் இருக்கக்கூடிய, கூரையில்லாத சின்ன மைதானம். வலப்பக்க வேலிக்கு அப்பால் ஊர்ச்சனம் நீந்தும் நீச்சல் குளம். பிற்ஸ்பேர்க் வீரர் வில்லி ஸ்டார்ஜெல் அடித்த பந்து அந்தக் குளத்தில் போய் விழுந்ததை இந்தப் பக்கத்து வயோதிபர்கள் இன்றும் கண்ணால் கண்டதுபோலச் சொல்வார்கள்.

1977இல் எக்ஸ்போஸ் ஒலிம்பிக் மைதானத்துக்குப் போனது. 1982இலும் 1983இலும் ஆண்டுக்கு 23 லட்சம் பேர் வந்தார்கள். நான் முதன்முதல் பார்த்த ஆட்டத்துக்கு என்னோடு தொழிற்சாலையில் நின்ற ஹெயிட்டிக்காரர் ஒருவர் கூட்டிப் போனார். மேல்தட்டில் கடைசி வரிசை. ‘கிரிக்கெட் தெரிந்தால் இது பாதி தெரியும்’ என்று நினைத்துக்கொண்டு போனேன். அரைமணி நேரத்தில் அந்த நினைப்புப் போய்விட்டது. ஆனால் பந்து மட்டையில் பட்டு மேலே எழும்போது முப்பதாயிரம் பேர் ஒன்றாக மூச்சை இழுத்துப் பிடிக்கும் ஓசையைக் கேட்டேன். யாழ்ப்பாணத்து மைதானத்தில் கேட்ட அதே ஓசை. நான் இந்த நகரத்துக்காரன் என்று முதன்முதல் உணர்ந்த மாலை அதுதான்.

1994 எக்ஸ்போஸின் ஆண்டாக இருந்திருக்க வேண்டும். 74 வெற்றி, 40 தோல்வி. லீக் முழுவதிலும் அதுதான் முதலிடம். ஆகஸ்ட் 12ஆம் திகதி வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பருவம் அப்படியே முடிந்தது, உலகத் தொடர் நடக்கவில்லை. அடுத்த வசந்தம் வருவதற்குள் முதலாளிகள் செலவைக் குறைக்கச் சிறந்த வீரர்களைப் பிற அணிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். கனேடிய டொலரின் மதிப்பு விழுந்தது. நகர நடுவில் புதிய மைதானம் கட்டும் திட்டம் நிறைவேறவில்லை. 2002இல் லீக்கே அணியை வாங்கியது. 2003இலும் 2004இலும் ஆண்டுக்குச் சுமார் 22 உள்ளூர் ஆட்டங்களைப் புவர்ட்டோ றிக்கோவுக்குக் கொண்டுபோய் ஆடினார்கள். தன் அணி தன் ஊரில் ஆடாது என்று கண்டபின் யார்தான் காசு கொடுத்துப் போவார்? 2004இல் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்தாயிரம் பேர்கூட வரவில்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 29ஆம் திகதி நடந்த கடைசி உள்ளூர் ஆட்டத்துக்கு மட்டும் 31,395 பேர் வந்து அழுதுவிட்டுப் போனார்கள். அணி வாஷிங்டனுக்குப் போனது. 2019இல் வாஷிங்டன் நஷனல்ஸ் உலகத் தொடரை வென்றபோது மொன்றியலில் யாரும் வெடி கொளுத்தவில்லை.

மொன்றியல் மக்களுக்குப் பேஸ்போல் பிடிக்கவில்லை, அதனால்தான் அணி போனது என்று சிலர் சொல்வார்கள். அது பொய். 23 லட்சம் பேர் வந்த நகரம் இது. சிறந்த வீரர்களை ஒவ்வொருவராக விற்று மக்களின் நம்பிக்கையை முறித்தார்கள். நம்பிக்கை முறிந்தபின் ஆசனம் காலியானது. எது முன், எது பின் என்பதை மாற்றிச் சொல்லக்கூடாது.

இன்று ஜாறியின் பழைய மைதானம் இருந்த இடத்தில் டென்னிஸ் அரங்கம் நிற்கிறது. 2025 ஆகஸ்டில் 18 வயது விக்டோரியா எம்போக்கோ அங்கே நவோமி ஒசாகாவைத் தோற்கடித்துக் கனேடியத் திறந்த போட்டியின் கிண்ணத்தைத் தூக்கினாள். கொங்கோவிலிருந்து வந்த பெற்றோரின் மகள். பேஸ்போல் போன இடத்தில் இன்னொரு குடியேறிய குடும்பத்தின் மகிழ்ச்சி வந்து உட்கார்ந்திருக்கிறது. எக்ஸ்போஸின் மூவண்ணத் தொப்பியை இப்போதும் மெட்ரோவில் காண்கிறேன். அணிந்திருப்பவர்களில் பாதிப்பேர் அந்த அணி போனபின் பிறந்தவர்கள்.

அலுவெட்ஸ்: சின்ன மைதானம் காப்பாற்றிய அணி

அமெரிக்கக் கால்பந்தைப் போன்ற கனேடிய கால்பந்து (உதைபந்தாட்டம் அல்ல) ஆடும் அலுவெட்ஸ் அணி 1946இல் தொடங்கியது. பெரிய ஒலிம்பிக் மைதானத்தில் ஆடிக் கடனில் மூழ்கி, 1987இல் பருவம் தொடங்கும் நேரத்தில் மூடப்பட்டது. 1996இல் பால்டிமோரிலிருந்த அணி இங்கே வந்து அதே பெயரைச் சூடியது. அப்போதும் ஆசனங்கள் வெறிச்சோடித்தான் கிடந்தன. 1997இல் யு2 இசைக்குழுவின் நிகழ்ச்சிக்கு ஒலிம்பிக் மைதானத்தை ஒதுக்கிவிட்டதால், அலுவெட்ஸின் தகுதியாட்டத்தை மவுண்ட் றோயல் மலைச்சரிவிலுள்ள மக்கில் பல்கலைக்கழக மைதானத்துக்கு மாற்றினார்கள். அது நிரம்பி வழிந்தது. அன்றிலிருந்து அணி அங்கேயே தங்கிவிட்டது. ஆட்டக்காரரின் முகம் தெரிகிற தூரத்தில் இருந்து பார்க்க மக்கள் விரும்பினார்கள் என்பது முதலாளிகளுக்குத் தற்செயலாகத்தான் தெரியவந்தது.

2023இன் தொடக்கத்தில் முதலாளியே இல்லாமல் லீக்கின் பராமரிப்பில் கிடந்த அணி, அந்த நவம்பரில் வின்னிபெக்கை 28-24 என்று வென்று கனேடிய கால்பந்தின் உச்சப் பரிசான கிரே கோப்பையை எட்டாவது முறை பெற்றது. வெற்றிக் களிப்பிலும் கியூபெக் வீரர் மார்க்-அந்துவான் டெக்குவா, போட்டி நடந்த இடத்தில் பிரெஞ்சைப் புறக்கணித்துவிட்டார்கள் என்று கமெராவுக்கு முன்னால் கொதித்தார். றிஷாருக்காக எழுந்த கோபம் எழுபது ஆண்டாகியும் ஆறவில்லை.

உதைபந்தாட்டம்: குழிக்குள்ளிருந்து வந்த மைதானம்

உதைபந்தாட்டம் நாங்கள் ஊரிலிருந்தே கொண்டுவந்த ஆட்டம். ஒரு பந்தும் ஒரு வெட்டையும் போதும். இத்தாலியர், ஹெயிட்டியர், தென்னமெரிக்கர், வட ஆப்பிரிக்காவின் மக்றெப் நாட்டவர் என்று செயின்ட்-மிஷேலில் குடியேறிய எவருக்கும் அது தெரிந்த மொழி.

ஆனால் இந்த நகரத்தில் அதற்கு நிலையான தொழில்முறை அணி நெடுங்காலம் இருக்கவில்லை. 1981இல் வந்த மானிக் அணி ஓர் ஆட்டத்துக்கு 58,000 பேரைக் கூட்டியும் மூன்றாம் பருவத்தோடு மூடியது. 1988 முதல் 1992 வரை சுப்ரா இருந்தது. பிறகு சீஸ் வியாபாரத்தில் பெயர்பெற்ற இத்தாலிய வம்சாவளிக் குடும்பத்தின் ஜோயி சபூட்டோ தலைமையில் இம்பக்ட் அணி வந்து, 1993இல் ஆடத் தொடங்கியது. 2007 வரை அது ஆடியது எங்களுக்கு மேற்கே, கிட்டத்திலேயே உள்ள குளோட்-றொபியார் வளாகத்தில். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, வீட்டில் செய்த றோல்ஸைப் பையில் போட்டுக்கொண்டு போவோம். ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் வேலிக்கருகே வந்து பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போடுவார்கள்.

2008இல் பீ-நஃப் தெருவின் கீழே சுமார் 13,000 ஆசனங்களோடு சபூட்டோ அரங்கம் திறந்தது. 2012இல் அணி வட அமெரிக்காவின் முதல்தரப் போட்டியான எம்.எல்.எஸ்ஸில் சேர்ந்தபோது ஆசனங்களைக் கூட்டினார்கள். 2015 ஏப்ரல் 29ஆம் திகதி கண்டக் கிண்ண இறுதியின் இரண்டாம் ஆட்டத்துக்கு ஒலிம்பிக் மைதானத்தில் 61,004 பேர் கூடினார்கள். மெக்சிக்கோவின் கிளப் அமெரிக்காவிடம் 4-2 என்று தோற்றோம். அந்தக் கோடையிலேயே ஐவரி கோஸ்ட்டின் புகழ்பெற்ற வீரர் டிடியே ட்ரொக்பா வந்து, முதன்முறை தொடக்க அணியில் இறங்கிய ஆட்டத்திலேயே மூன்று கோல் அடித்தார். செயின்ட்-மிஷேலின் ஆப்பிரிக்கக் குடும்பங்கள் அன்று வீடுகளில் கொண்டாடிய சத்தம் தெருவெல்லாம் கேட்டது.

2021இல் இம்பக்ட் என்ற பெயரை எடுத்துவிட்டு சி.எஃப். மொன்றியல் என்று வைத்து, பனிச்செதில் சின்னம் ஒன்றைக் கொடுத்தார்கள். இரசிகர்கள் விடவில்லை. எதிர்ப்பு ஓயாததால் அடுத்த ஆண்டே கழகம் புதுச் சின்னத்தை அறிவித்தது. கியூபெக்கின் லில்லி மலர் அதில் திரும்பி வந்தது. எக்ஸ்போஸ் காலத்தில் மக்களின் குரலைக் கேட்க யாரும் இருக்கவில்லை. இப்போது கேட்கிறார்கள் என்பது நல்ல மாற்றம்.

இதைவிடப் பெரிய மாற்றம் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது. செயின்ட்-மிஷேலின் நடுவில் இரண்டு பெரிய கற்குழிகள் உண்டு: பிராங்கோன், மிறோன். மொன்றியலின் வீதிகளுக்கும் கட்டடங்களுக்கும் இங்கிருந்துதான் கல்லும் சீமெந்தும் போனது. நகரத்துக்குக் கட்டடம், எங்களுக்கு வெடிச்சத்தமும் தூசும். பிராங்கோன் குழியில் இன்றும் குளிர்காலம் முழுக்க லொறிகள் நகரத்துப் பனியைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. மிறோன் குழிக்குள் 1968இலிருந்து குப்பை கொட்டினார்கள். நான் வந்த காலத்தில் கோடையில் ஜன்னல் திறக்க முடியாது. கடற்காகங்கள் ஆயிரக்கணக்கில் வட்டமிடும். அயலவர்கள் கூட்டம் போட்டார்கள், மனுக் கொடுத்தார்கள், ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2000ஆம் ஆண்டில்தான் வீட்டுக் குப்பை கொட்டுவது நின்றது. அதற்குள் சுமார் நான்கு கோடி தொன் குப்பை அந்தக் குழிக்குள் போய்விட்டது.

அதன்மேல் மண் போட்டு, புல்லும் மரமும் வைத்து, 192 ஹெக்டயர் வளாகத்தைப் பூங்காவாக மாற்றிவருகிறார்கள். மரம் நட்ட மனிதனின் கதையைச் சித்திரப்படமாக்கி ஒஸ்கார் வென்ற பிரடெரிக் பாக்கின் பெயரை அதற்கு வைத்தார்கள். புல்வெளியெங்கும் தெரியும் வெள்ளை உருண்டைகள், அடியிலிருந்து எழும் குப்பை வாயுவை உறிஞ்சும் கிணறுகளின் மூடிகள். சேர்க்கஸ் உலகில் பெயர்பெற்ற சேர்க் டு சொலெய் 1997இல் தன் தலைமையகத்தை இந்தப் பக்கத்தில் கட்டியது. 2015இல் அந்த வளாகத்தின் ஓரத்தில் மொன்றியல் உதைபந்தாட்ட அரங்கம் திறந்தது. பெரிய மர உத்தரங்கள் தாங்கும் அகன்ற கூரை, அதன்கீழே முழு அளவு மைதானம், 750 ஆசனம். வெளியே இன்னொரு மைதானம்.

வெளியில் பனி முழங்கால் அளவு கிடக்கும் பெப்ரவரியில் அங்கே பிள்ளைகள் அரைக்காற்சட்டையோடு ஓடுகிறார்கள். என் பேத்தியும் அவர்களில் ஒருத்தி. பயிற்சி முடிந்து வந்து, ‘அம்மப்பா, இதுக்குக் கீழ உண்மையா குப்பையோ?’ என்று கேட்டாள். இந்த வளாகமே குழியும் குப்பையுமாகக் கிடந்த இடம் பிள்ளை என்றேன். நம்பவில்லை. நம்பாமல் இருப்பதுதான் எனக்குச் சந்தோசம்.

பெண்களின் அணிகள்: இன்றின் புது வரவு

அன்று இல்லாமல் இன்று இருப்பவற்றில் எனக்கு மிகவும் பெரிதாகப்படுவது இதுதான். உலகின் மிகச் சிறந்த ஹொக்கி வீராங்கனைகள் மொன்றியலில் பத்தாண்டுக்கு மேல் ஆடினார்கள். அவர்கள் ஆடிய லீக் நெடுங்காலம் சம்பளமே கொடுக்கவில்லை. பகலில் வேலை, இரவில் பயிற்சி. 2019இல் அந்த லீக்கும் மூடப்பட்டது. வீராங்கனைகள் சோர்ந்துபோகாமல், சம்பளமும் வசதியும் உள்ள லீக் வரும்வரை ஓயமாட்டோம் என்று நின்றார்கள். 2024 ஜனவரியில் பெண்களின் தொழில்முறை ஹொக்கி லீக் தொடங்கியது. மொன்றியல் அணியின் தலைவி மறி-ஃபிலிப் பூலன். கனடாவுக்கு ஒலிம்பிக் தங்கத்தை வென்றுதந்த கோல்களை 2010, 2014, 2022 இறுதியாட்டங்களில் அடித்தவர்.

2024 ஏப்ரல் 20ஆம் திகதி அந்த அணி ரொறன்ரோவைப் பெல் சென்டரில் சந்தித்தபோது 21,105 பேர் வந்தார்கள். பெண்கள் ஹொக்கி வரலாற்றில் அதுவரை எங்கும் அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. அந்த இலையுதிர் காலத்தில் அணிக்கு விக்டுவார், அதாவது வெற்றி என்று பெயர் வைத்தார்கள். 2025இல் கனடாவின் பெண்கள் உதைபந்தாட்ட லீக்கும் தொடங்கியது. மொன்றியல் ரோஸ் அணி லவாலில் ஆடுகிறது.

எங்கள் பெண் பிள்ளைகளைப் பத்து வயதுக்குப் பிறகு மைதானத்துக்கு விடாத வீடுகள் இருந்தன. படிப்பு, நடன வகுப்பு, தமிழ்ப் பள்ளி எல்லாம் இருக்கும். விளையாட்டு மட்டும் தம்பிக்கு. என் மகளுக்கும் அப்படித்தான் செய்தேன். அது பிழை என்று இப்போது சொல்கிறேன். அந்த ஏப்ரல் நாளில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்த பேத்தி ஒன்றும் பேசாமல் எழுந்து போய்த் தன் சப்பாத்தை எடுத்துத் துடைத்து வைத்தாள்.

கடைசியாக

ஃபோறம் முதல் சபூட்டோ வரை நான் கண்டது ஒன்றுதான். அணியை வாங்கலாம், விற்கலாம். மக்களுக்கு எட்டிய தூரத்தில், அவர்கள் பேச்சுக்குக் காது கொடுத்து ஆடிய அணி தப்பியது. வெறும் கணக்கேடாகப் பார்க்கப்பட்ட அணி போய்விட்டது. நல்ல வீரர் முதலாளியின் மேசையிலிருந்து வருவதில்லை. போர்டோவின் பனித்தரை, பின்வீட்டு ஒழுங்கை, குழிக்கு மேல் கட்டிய கூரை மைதானம் ஆகியவற்றிலிருந்துதான் வருகிறார்.

செயின்ட்-மிஷேலில், பார்க் எக்ஸ்டென்ஷனில், இன்னும் எங்கெல்லாம் நம் சனம் இருக்கிறதோ அங்கெல்லாம் உள்ள தாய் தகப்பனிடம் ஒன்று கேட்கிறேன். கனடியன்ஸின் நுழைவுச்சீட்டு வாங்க முடியாவிட்டால் பரவாயில்லை. பக்கத்து மைதானத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போங்கள். மகளையும் கூட்டிப் போங்கள். வேலியருகே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு உற்சாகப்படுத்துங்கள். நகரசபை மைதானத்தின் நேரத்தைக் குறைத்தால், பூங்காவைப் பராமரிக்காமல் விட்டால், கூட்டத்துக்குப் போய்க் கேளுங்கள். குப்பைக் குழியை மூடவைத்தவர்களும் உங்களைப்போல இரண்டு வேலை செய்து களைத்துப்போன சாதாரண அயலவர்கள்தான்.